பெரிய நாய் உள்ள வீட்டில் தரைக் கோளாறுகள்: ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரை ஊர்களில் தரை போடும் வேலையை எடுத்துச் செய்கிறேன். உச்சிப்புளியில் உள்ள எங்கள் வீட்டிலும் இரண்டு பெரிய நாய்கள் இருக்கின்றன. "நாய் தரையைக் கெடுத்துவிட்டது, புதிதாகப் போட வேண்டும்" என்று அழைப்பவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் தரையைப் பெயர்க்காமலே தீர்த்துவிடக்கூடிய கோளாறாகத்தான் இருக்கும். நம் பகுதியில் நாயோடு சேர்ந்து கடல் மணலும் உப்பும் வீட்டுக்குள் வருகின்றன. இந்த மூன்றில் எதனால் தரை கெட்டது என்று பிரித்துப் பார்க்காமல் செலவு செய்தவர்கள் இரண்டாம் முறையும் செலவு செய்ய நேர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே செல்லுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனையை முதலிலும் தரையைப் பெயர்க்கும் வேலையைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்; அந்த வரிசையை மாற்ற வேண்டாம். ராஜபாளையம், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வீலர் போல 25 கிலோவை ஒட்டியும் அதற்கு மேலும் எடையுள்ள நாய்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

அறிகுறி 1: நாய் வழுக்குகிறது, திரும்பும்போது பின்னங்கால் பரத்துகிறது

இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் சரிசெய்ய வேண்டும். கீறல் விழுந்தால் தரையின் அழகு போகும். வழுக்கினால் நாயின் இடுப்பும் முழங்கால் தசைநாரும் போகும். எங்கள் வீட்டு ராஜபாளையம் வாசலில் மணிச்சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து ஓடிவரும். ஹாலுக்குத் திரும்பும் மூலையில் அதன் பின்னங்கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாகப் பிரிந்து, வயிறு தரையில் பட, அரைச் சுற்றுச் சுற்றி நிற்கும். எழுந்தவுடன் ஒன்றும் நடவாதது போல மீண்டும் ஓடிவிடும் என்பதால் முதல் சில மாதங்கள் அதை நாங்கள் விளையாட்டாகவே எண்ணியிருந்தோம். பிறகு அது அந்த மூலைக்கு வரும்போது சுவரை ஒட்டி மெதுவாக நடக்கத் தொடங்கியது. பயந்து சுவரோரமாக நடக்கும் நாய் ஏற்கெனவே பலமுறை விழுந்த நாய் என்பதை அதற்குப் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

எல்லா இடத்திலும் வழுக்குகிறதா, துடைத்த பிறகு மட்டும் வழுக்குகிறதா என்று முதலில் பாருங்கள். துடைத்த பிறகு மட்டும் என்றால், தரை காய்ந்தபின் உலர்ந்த வெள்ளைத் துணியால் ஓரிடத்தை அழுத்தித் தேயுங்கள். துணியில் பிசுக்கு ஏறினால் பினாயில் அல்லது சோப்புக் கரைசலின் படிவு தரையில் இருக்கிறது என்று பொருள். வாளியில் மூடி கணக்கில்லாமல் ஊற்றுவதே இதற்குக் காரணம். ஒரு வாரம் வெறும் நல்ல தண்ணீரால் மட்டும், இரண்டு முறை தண்ணீர் மாற்றித் துடைத்தால் படிவு நீங்கும். காவித் தரையிலும் ஆத்தங்குடிக் கல்லிலும் பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தேய்க்கும் வழக்கம் உள்ள வீடுகளில், நாய் நடமாடும் அறைகளில் மட்டுமாவது அதை நிறுத்த வேண்டும்.

மழைக்காலத்திலும் கடற்காற்று கனமாக வீசும் இரவுகளிலும் மட்டும் தரை பிசுபிசுத்தால், தரைமேல் படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கிறது. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில், கடைசித் துடைப்புக்கு மட்டும் காவிரிக் கூட்டுக் குடிநீரோ சேமித்த மழைநீரோ ஒரு வாளி எடுத்துக்கொள்வது போதும்.

எப்போதும் வழுக்குகிறது என்றால், அடுத்து நகத்தைப் பாருங்கள். நாய் நான்கு காலிலும் நேராக நிற்கும்போது நகத்துக்கும் தரைக்கும் இடையில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் நுழையவில்லை என்றாலோ, நாய் நடக்கும்போது டக் டக் என்ற ஒலி பக்கத்து அறை வரை கேட்டாலோ நகம் நீளம். நீண்ட நகம் தரையில் முதலில் ஊன்றுவதால் பாதத்தின் மெத்தைப் பகுதி தரையைப் பிடிக்க முடியாமல் போகிறது. தார்ச்சாலையில் நடக்கும் நாயின் நகம் தேய்வது போல மணலில் நடக்கும் நாயின் நகம் தேய்வதில்லை. அதனால் கடற்கரை வீடுகளில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நகம் வெட்டியாக வேண்டும். வெளிர் நிற நகத்தில் உள்ளே இளஞ்சிவப்பாக ரத்தம் ஓடும் பகுதி தெரியும், அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடலாம். கறுப்பு நகத்தில் அது தெரியாது. அரிசியளவாகச் சிறிது சிறிதாக வெட்டுங்கள், அல்லது முதல் முறை கால்நடை மருத்துவர் வெட்டும்போது அருகிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். பாத மெத்தைகளுக்கு இடையே வளரும் ரோமத்தையும் மெத்தை மட்டத்துக்குக் கத்தரித்துவிடுங்கள்.

நகமும் துடைப்பும் சரியாக இருந்தும் வழுக்கினால் கோளாறு தரையின் மேற்பரப்பில் இருக்கிறது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி வெறும் குதிகாலால் தேய்த்துப் பாருங்கள். உங்கள் கால் நழுவினால் நாயின் காலும் நழுவும். இதற்காகத் தரை முழுவதையும் மூடத் தேவையில்லை. நாய் திரும்பும் மூலை, படிக்கட்டின் கடைசிப் படிக்குக் கீழே, உணவுத் தட்டுக்கு முன்னால், வாசற்கதவின் உட்புறம் ஆகிய நான்கு இடங்களில்தான் பெரும்பாலும் விழுகிறது. அடியில் ரப்பர் உள்ள நீளமான மிதியடிகளை அந்த இடங்களில் போடுங்கள். ரப்பர் இல்லாத பாயைப் போட்டால் பாயோடு சேர்ந்து நாயும் சறுக்கும்.

வழுக்கலைக் குறைக்கும் அமிலக் கரைசல்களைப் பூசும் முறையும் உண்டு. அது டைல்ஸின் மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்குவதால் பளபளப்பு குறையும், சில நிறங்கள் திட்டுத்திட்டாகும். அந்தக் கரைசல்களில் சில தோலுக்கும் நுரையீரலுக்கும் கடுமையானவை. அதனால் நீங்களே பூசாதீர்கள். வேலை தெரிந்தவரை வரவழைத்து, கட்டிலுக்கு அடியில் உள்ள ஒரு டைல்ஸில் பூசிக் காட்டச் சொல்லி, காய்ந்த பிறகு முடிவு செய்யுங்கள். இதுவும் பலிக்காதபோதுதான் தரையை மாற்றும் பேச்சு.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய நிலை: மிதியடி போட்ட இடத்திலும் பின்னங்கால் தடுமாறினால், படுத்து எழச் சிரமப்பட்டால், ஒரு நாளுக்கு மேல் நொண்டினால், பின்னங்காலை இழுத்து நடந்து நகத்தின் மேல்பக்கம் தேய்ந்திருந்தால், அது தரைக் கோளாறு அன்று. ஒரு வயதுக்கு உட்பட்ட பெரிய இனக் குட்டி வழுக்கி விழுந்துகொண்டே இருந்தால் எலும்பு வளரும் காலம் என்பதால் காத்திருக்கவே கூடாது.

அறிகுறி 2: தரையில் கீறல், மங்கல், கறுப்புக் கோடு

தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில், கடலைப் பார்த்த வாசலிலிருந்து சோபா வரை தரையில் ஒரு முழ அகலத்துக்கு மங்கலான தடம் விழுந்திருந்தது. "அண்ணே, நாய் நகம்தான் எல்லாத்தையும் அழிச்சிருச்சு, பூராவும் மாத்திரலாமா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். வாசல் மிதியடியைத் தூக்கினேன். அதற்கடியில் ஒரு கைப்பிடி மணல் இருந்தது. சோபாவின் காலடியில் நாய் படுக்கும் இடத்தை ஈர விரலால் ஒற்றி எடுத்தபோது விரல் நுனி முழுவதும் பொடி மணல் ஒட்டிக்கொண்டு வந்தது. கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோ அளவுகோலில் 7. மார்பிளின் கடினம் 3 அல்லது 4. நகம் இவை எல்லாவற்றையும் விட மென்மையானது. நாயின் எடையோடு பாதத்துக்கு அடியில் உருளும் மணல்தான் அந்தத் தரையை அரைத்திருந்தது. அங்கே தரையை மாற்றியிருந்தால் புதுத் தரையிலும் அதே தடம் விழுந்திருக்கும்.

உங்கள் வீட்டில் எந்த வகைக் கீறல் என்று அறிய விரலை நனைத்துக் கோட்டின்மேல் தடவுங்கள். ஈரத்தில் கோடு மறைந்து காய்ந்ததும் திரும்ப வந்தால் அது மேலோட்டமான தேய்மானம். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது தடுக்கினால் கீறல் ஆழமானது. கோடு கறுப்பாக, தரையை விடச் சற்று மேடாக இருந்தால் அது கீறலே அன்று. சங்கிலியோ அலுமினியத் தட்டோ உரசி விட்டுச்சென்ற உலோகம். சமையல் சோடாவைக் குழைத்து ஈரத் துணியால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். உணவுத் தட்டின் அடியில் ரப்பர் வளையம் மாட்டிவிட்டால் மறுபடி வராது.

மேலோட்டமான மங்கலுக்கு முதல் மருந்து வாசலில்தான் இருக்கிறது. நிலைப்படிக்கு வெளியே தடித்த தேங்காய் நார் மிதியடி ஒன்று, உள்ளே துணி மிதியடி ஒன்று என இரண்டு போட்டு, இரண்டையும் நாள்தோறும் தூக்கி உதறுங்கள். வாசற்படிக்குப் பக்கத்தில் நாயின் கணுக்கால் நனையும் அளவுக்கு ஒரு சிறிய சிமெண்ட் தொட்டி கட்டி, கடற்கரையிலிருந்து திரும்பும்போது அதில் இறங்கி ஏறப் பழக்கினால் உள்ளே வரும் மணல் வெகுவாகக் குறையும். வீட்டைத் துடைப்பதற்கு முன் பூந்துடைப்பத்தால் பெருக்கியே ஆக வேண்டும். பெருக்காமல் துடைத்தால் ஈரத் துணியில் சேர்ந்த மணலைக் கொண்டு தரை முழுவதையும் நாமே தேய்க்கிறோம்.

ஆழமான கீறலுக்கு வழி தரைக்குத் தரை மாறும். மொசைக், மார்பிள், கிரானைட் ஆகியவற்றை இயந்திரம் வைத்து மீண்டும் பாலிஷ் செய்யலாம். இதற்கு அந்த வேலை செய்பவரை அழைக்க வேண்டும். காவித் தரையில் மேலே உள்ள நிறப்பூச்சு மெல்லியது. கீறல் அதைத் தாண்டிச் சாம்பல் நிற சிமெண்ட் தெரிந்தால் ஒட்டுப்போடலாம், ஆனால் ஒட்டு என்றைக்கும் கண்ணுக்குத் தெரியும். மேலே பளபளப்புப் பூச்சு மட்டும் உள்ள டைல்ஸில் பூச்சு போய்விட்டால் சரிசெய்ய வழியில்லை. அந்த டைல்ஸை மட்டும் மாற்றலாம். பளபளப்பான பழைய டைல்ஸ்மேல் மெழுகுப் பூச்சு அடிக்கச் சொல்லும் ஆலோசனையை ஏற்காதீர்கள். அது கீறலை மறைத்து, முதல் அறிகுறியைக் கொண்டுவந்துவிடும்.

அறிகுறி 3: வெள்ளைப் படலம், உப்புப் பூத்தல், சுவரோரம் பொடி உதிர்தல்

கடற்கரையில் இதை நாயின் சிறுநீர் என்று எண்ணிக் கழுவிக் கழுவியே தரையை இன்னும் கெடுத்துவிடுகிறார்கள். சிறுநீர்க் கறை நாய் காலைத் தூக்கும் தூண், மூலை, கதவோரம் ஆகிய இடங்களில் மட்டும் இருக்கும். ஈரம் பட்டதும் வாடை எழும். உப்பு வாடையில்லாமல் சுவரோரம் நெடுக வரும், அல்லது டைல்ஸ் இணைப்புகள் எல்லாவற்றிலும் ஒன்றுபோல வரும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு கூடும். நாய் அந்த இடங்களை நக்குவதைக் கண்டால் உப்பு என்றே சந்தேகப்படுங்கள்.

துடைக்கும் தண்ணீரைச் சோதியுங்கள். ஒரு கறுப்புத் தட்டில் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றி வெயிலில் காய விடுங்கள். தடித்த வெள்ளை வளையம் நின்றால், நீங்கள் துடைக்கும் ஒவ்வொரு முறையும் தரையில் அதே வளையத்தைப் பூசுகிறீர்கள். தண்ணீரை மாற்றினால் போதும். வளையம் இல்லை என்றால், உப்புப் பூத்த இடத்துக்கு மறுபுறம் குளியலறையோ துணி துவைக்கும் இடமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்குள்ள குழாயை ஒருநாள் முழுவதும் மூடிவைத்து, ஈரம் குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் குழாய் வேலை செய்பவரைக் கூப்பிடுவதோடு முடிந்துவிடும்.

இரண்டும் இல்லையென்றால் தரைக்கு அடியிலிருந்து ஓதம் ஏறுகிறது. தடித்த பாலித்தீன் தாளை இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, நான்கு ஓரங்களையும் இடைவெளியில்லாமல் டேப்பால் தரையில் ஒட்டுங்கள். நாயை அந்த அறையில் விடாமல் 24 மணி நேரம் கழித்துத் தாளை உரித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளிகள் கோர்த்திருந்தாலோ சிமெண்ட் கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. கோடையில் இந்தச் சோதனை பொய் சொல்லலாம். மழை ஓய்ந்த ஒரு வாரத்துக்குள் செய்யுங்கள். டைல்ஸ் ஈரத்தை மறைத்துவிடும் என்பதால், டைல்ஸ் தரையில் இணைப்புக் கோடுகள் தாளுக்கு நடுவில் வருமாறு ஒட்டுங்கள்.

ஓதம் உறுதியானால் செய்யக்கூடாதவை மூன்று. ஆசிட் ஊற்றக் கூடாது. அது சிமெண்டைத் தின்று உப்புக்கு மேலும் வழிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கரைந்த உப்பு உள்ளே இறங்கி மறுபடி பூக்கும். மேலே பெயிண்டோ நீர்புகாப் பூச்சோ அடிக்கக் கூடாது. அடியில் சேரும் உப்பு அந்தப் பூச்சைக் கொப்பளமாகத் தூக்கி எறியும். உலர்ந்த தூரிகையால் பொடியைத் துலக்கி, முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள், அறையில் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். உப்பு சில பருவங்களில் குறைந்து நின்றுவிட்டால் அதோடு விட்டுவிடலாம்.

அழைக்க வேண்டிய நிலை: டைல்ஸ் மேலெழும்பி, அடியில் சிமெண்ட் கையால் நொறுங்குகிறது என்றால் தரையை அடித்தளம் வரை தோண்டிப் புதிதாகப் போடத்தான் வேண்டும். அப்போது நிரப்பும் மண்ணின்மேல் 250 மைக்ரான் பாலித்தீன் தாளை, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஓரடி ஏறவிட்டு விரித்து அதன்மேல் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். கடல் மணலையும் சோதிக்காத போர்த் தண்ணீரையும் கலவைக்கு அனுமதிக்காதீர்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ன்படி கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கும், கம்பி இல்லாததற்கு 2000 மில்லிகிராமுக்கும் மிகக் கூடாது. ஆய்வகத்தில் ஒரு புட்டித் தண்ணீரைக் கொடுத்தால் தெரிந்துவிடும். சுவரின் பூச்சு இடுப்பளவுக்கு உதிர்ந்தாலோ, தூணிலும் கூரையிலும் துருப்பிடித்த கம்பி தெரிந்தாலோ தரைக்காரரை அழைக்காதீர்கள். அது கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டியது.

அறிகுறி 4: சிறுநீர் வாடை போகவில்லை

கழுவிய பிறகும் வாடை வந்தால், பெரும்பாலும் நீங்கள் கழுவிய இடமும் வாடை வரும் இடமும் வேறு. இரவில் விளக்குகளை அணைத்து, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கால் தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை சுவரையும் பாருங்கள். காய்ந்த சிறுநீர் மங்கிய மஞ்சள் பச்சையாக ஒளிரும். அந்த இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

கறை புதிது என்றால், தண்ணீரால் ஒற்றி எடுத்து, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதிக் கரைசலை ஊற்றி, அது வேலை செய்யக் கால் மணி நேரமாவது ஈரமாகவே விடுங்கள். ஊற்றியவுடன் துடைப்பதால்தான் பலருக்கு அது பலிப்பதில்லை. நொதி ஊற்றும் இடத்தில் அதற்கு முன் பினாயில் இருக்கக் கூடாது. கறுப்புப் பினாயிலை நாய் நடமாடும் இடத்தில் பயன்படுத்தவே வேண்டாம். நாய் தன் பாதத்தை நக்கும்போது அது வயிற்றுக்குள் போகிறது. சிறுநீர் தேங்கிய இடத்தில் பிளீச்சிங் பவுடரையும் போடாதீர்கள். சிறுநீரிலிருந்து உண்டாகும் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் எழும் வாயு மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். மூடிய குளியலறையில் இப்படிச் செய்துவிட்டு மூச்சுத் திணறி வெளியே வந்தவர்களை எனக்குத் தெரியும்.

டைல்ஸ் இணைப்புக் கோட்டில் மட்டும் வாடை தங்கினால், இடைவெளியை அடைத்த சிமெண்ட் கலவை (கிரவுட்) சிறுநீரைக் குடித்திருக்கிறது. டைல்ஸ் போடுபவரை வைத்துப் பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்து நீரைக் குடிக்காத எபோக்சி பிசின் கிரவுட் அடைத்தால் தீரும். இது ஒருநாள் வேலை. கடப்பா கல், ஆத்தங்குடிக் கல், காவித் தரை போன்ற நீரை உறிஞ்சும் தரையில் சமையல் சோடாவைக் களிபோலக் குழைத்துக் கறைமேல் அப்பி, பாலித்தீன் தாளால் மூடி ஓரிரவு விட்டு, மறுநாள் காயவிட்டுச் சுரண்டுங்கள். மூன்று நான்கு முறை தேவைப்படலாம். இந்தக் கற்களில் எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதுவும் படக் கூடாது. வாடை போவதற்கு முன் கல்லின் முகம் போய்விடும்.

தாழ்வாரத்தில் வாடை நின்றால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். பத்தடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் இருக்க வேண்டும். ஆண் நாய் உள்ள வீட்டில் சுவரடியில் ஒட்டும் நான்கு அங்குல டைல்ஸ் பட்டை (ஸ்கர்ட்டிங்) போதாது. அது காலைத் தூக்கும் தூணிலும் வாசல் ஓரத்திலும் டைல்ஸை இரண்டரை அடி உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். சுவர்ப் பூச்சு குடித்த சிறுநீரை எந்தக் கரைசலும் வெளியே கொண்டுவராது.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய நிலை: வெளியே போகப் பழகிய நாய் திடீரென்று உள்ளே சிறுநீர் கழித்தாலும், படுத்த இடத்தில் சொட்டினாலும் அதைக் குறும்பு என்று விடாதீர்கள், நோயாக இருக்கலாம். காப்பி நிறத்தில் சிறுநீர் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ஆண் நாய் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

அறிகுறி 5: நாய் ஓடும்போது தரையில் 'டொக்' என்ற ஒலி, டைல்ஸ் ஓரம் உடைதல்

ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு டைல்ஸிலும் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டிப் பாருங்கள். கெட்டியாகப் பிடித்த இடத்தில் ஒலி சுருக்கமாகக் கணீரென்று இருக்கும். பொள்ளலான இடத்தில் மரப்பெட்டியைத் தட்டுவது போலக் கேட்கும். பொள்ளல்மேல் பெரிய நாய் குதித்து இறங்கும்போது ஓரம் உடைகிறது. நாய் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்; குறை ஒட்டியபோதே உள்ளது. விட்ரிஃபைட் டைல்ஸ் நீரை 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் வெறும் சிமெண்ட் பால் அதைப் பிடிப்பதில்லை. ஒட்டும் பசையை நான்கு மூலைக்கும் நடுவுக்கும் உருண்டை உருண்டையாக வைத்து ஒட்டினாலும் இடையில் வெற்றிடம் நிற்கும்.

மூலையில் மட்டும் பொள்ளல், விரிசல் இல்லை என்றால் அப்படியே விடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில டைல்ஸ் முழுவதும் பொள்ளல் என்றால் அவற்றை மட்டும் பெயர்த்து, பல் கரண்டியால் பசையை முழுப்பரப்பிலும் இழுத்து ஒட்டச் சொல்லுங்கள். ஒரு வரிசையே கூடாரம்போல நடுவில் தூக்கிக்கொண்டால், டைல்ஸ் விரிய இடைவெளி விடாமல் சுவர்வரை நெருக்கிப் போட்டிருக்கிறார்கள். நாயை அந்த அறையிலிருந்து விலக்கி, அன்றே ஆளை அழையுங்கள். உடைந்த டைல்ஸின் விளிம்பு பாத மெத்தையைக் கத்திபோல அறுக்கும்.

அறிகுறி 6: மரத் தோற்றத் தரை உப்புதல், வினைல் கிழிதல்

லேமினேட் தரையின் இணைப்புகள் உப்பினால் பழுதுபார்க்க வழியில்லை. அதன் உட்பலகை மர நாரை அழுத்திச் செய்தது; சிறுநீரையும் நம் ஊர்க் காற்றின் ஈரத்தையும் குடித்து வீங்கியது திரும்பச் சுருங்காது. இந்தக் கடற்கரையில் பெரிய நாய் உள்ள வீட்டுக்கு நான் அதைப் போட்டுக்கொடுப்பதில்லை. சுண்ணாம்புத்தூள் கலந்த எஸ்.பி.சி. வகை வினைல் நீரில் உப்பாது. ஆனால் இணைப்பு வழியாக அடியில் இறங்கிய சிறுநீர் வெளியேறாது. ஓரத்துப் பலகை ஒன்றைக் கழற்றி முகர்ந்து பார்த்தால் தெரியும். நாய் தோண்டும் பழக்கம் உள்ளதென்றால் மெல்லிய சுருள் வினைல் ஒரு மாதம் கூடத் தாங்காது.

அறிகுறி 7: தரையோரத்தில் உண்ணி, முழங்கையில் காய்ப்பு

உண்ணி நாயின்மேல் இருப்பதைவிட வீட்டின் வெடிப்புகளில் அதிகம் இருக்கும். பெண் உண்ணி ரத்தம் குடித்து நிறைந்ததும் கீழே இறங்கி, ஸ்கர்ட்டிங்குக்கு மேலுள்ள கீற்றிலும் கதவு நிலையின் சந்திலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. டார்ச் விளக்கால் அந்தச் சந்துகளைப் பார்த்து, கிரவுட்டால் அடைத்துவிடுங்கள். அடைப்பதோடு நாய்க்கும் மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுத்தால்தான் சுழற்சி அறும். மாட்டுக்கு அடிக்கும் மருந்தை அளவு தெரியாமல் தரையில் தெளிக்க வேண்டாம்.

கடினமான தரையில் நெடுநேரம் படுக்கும் கனத்த நாய்க்கு முழங்கையில் ரோமம் உதிர்ந்து தோல் காய்த்துப்போகும். மடித்த சணல் சாக்கின்மேல் கோரைப்பாய் விரித்துப் படுக்கை போடுங்கள்; கோடையில் மெத்தையை விட அதைத்தான் நாய் விரும்பும். காய்ப்பு நீர்கோத்து மெத்தென்று வீங்கினால் குத்தி எடுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாம் பார்த்தும் தரையை மாற்றத்தான் வேண்டும் என்றால்

வீட்டுக்குள் நான் போடுவது மேட் முகமுள்ள, உடல் முழுவதும் ஒரே நிறமுடைய விட்ரிஃபைட் டைல்ஸ். அதில் ஓரம் உடைந்தாலும் உள்ளே வேறு நிறம் தெரியாது, மணல் தேய்த்தாலும் தடம் எளிதில் தெரியாது. பெட்டியில் வழுக்கல் எண் அச்சிட்டிருந்தால் உள்ளே ஆர் 10, தாழ்வாரத்துக்கு ஆர் 11 என்று கேளுங்கள். ஆர் 12, 13 அளவுக்குப் போனால் பிடிமானம் கூடும், ஆனால் அந்தச் சொரசொரப்பில் ரோமமும் அழுக்கும் சிக்கித் துடைக்க வராது. இணைப்புக்கு 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி விட்டு எபோக்சி கிரவுட் அடைக்க வேண்டும். வாசலுக்கும் தாழ்வாரத்துக்கும் பாலிஷ் போடாத கிரானைட் நல்லது. கடப்பா கல்லில் சிறுநீர்க் கறை ஏறும் என்பதால் நாய் கட்டும் இடத்தில் அதைத் தவிர்க்கலாம். விரிசல் இல்லாத பழைய காவித் தரையும் மொசைக்கும் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து பெயர்க்காதீர்கள். எண்ணெயை நிறுத்தி, மிதியடி போட்டால் அவை இன்றைய பளபளப்பு டைல்ஸைவிட நாய்க்கு உகந்தவை. ஆத்தங்குடிக் கல்லின்மேல் ஆசை இருந்தால் நாய் போகாத அறைக்கு வையுங்கள்.

கடையில் கையால் தடவிப் பார்த்து முடிவு செய்யாமல், பிடித்த வகையில் ஒரு டைல்ஸை மட்டும் வாங்கி வாருங்கள். அதை வாசலில் வைத்து நனைத்து, உங்கள் நாயை அதன்மேல் நிற்கவைத்துப் பின்னாலிருந்து மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள்; கால் நழுவக் கூடாது. பிறகு கடற்கரை மணல் ஒரு பிடி தூவி, செருப்புக் காலால் நூறு முறை தேய்த்துக் கழுவி, வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தடம் தெரியாத டைல்ஸையே வாங்குங்கள். வாங்கும்போது கணக்குக்கு மேல் ஒரு பெட்டி கூடுதலாக எடுத்து, பெட்டியில் உள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணை வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பிறகு ஒரு டைல்ஸ் உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.